ஊத்துப்பள்ளத்தின் மூச்சு

மண் விடுகிற மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் கல்யாணத் தரகர்கூட நம்புவதில்லை. அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன்.

என்ன வேலை என்று கேட்டவுடன் 'டீச்சர்', 'நேர்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் தேநீரைக் குடிக்கிற பாக்கியவான்களுக்காக நான் இதை எழுதவில்லை. தன் வேலையை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே தேநீர் ஆறிப்போன என் இனத்தவர்களுக்காக எழுதுகிறேன். என் பெயர் யோகா. கண்டியில் மண் ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் நான் வெளிக்கள உதவியாளர். சதுப்பு நிலத்திலும் வயலிலும் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கவிழ்த்து வைப்பேன். மண்ணிலிருந்து கிளம்புகிற வாயு அதற்குள் சேரும். அதைச் சிரிஞ்சால் உறிஞ்சிச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். பூமியைச் சூடாக்குகிற வாயு எந்த மண்ணிலிருந்து எவ்வளவு வருகிறது, நிலத்தை எப்படி நடத்தினால் அது கூடும், எப்படி நடத்தினால் குறையும் என்று அங்கே பார்ப்பார்கள். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார்.

பெட்டிக்கு டிக்கட்

எங்கள் வாகனம் கராஜில் படுத்துக்கொண்ட ஒரு நாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டியில் புசல்லாவைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். நான் பிறந்த தோட்டம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. என் அக்கா புஷ்பா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். கம்பளை தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் யன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. நாம் ஏறுகிறோமா, மலை இறங்கி வருகிறதா என்று தெரியாத அந்த நேரம் எனக்கு எப்போதும் பிடிக்கும். பாதித் தூக்கத்தில் எல்லோர் முகமும் ஒரே முகமாக இருக்கும்.

அந்தச் சுகம் நெடுநேரம் நீடிக்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மா பெட்டிக்குள் கோழிக்குஞ்சு இருப்பதாக முடிவு செய்து, பாவம், மூச்சு முட்டும், மூடியைத் திற என்றார். பின்னால் இருந்தவர் பிறந்தநாள் கேக் என்று அடித்துச் சொன்னார். கண்டக்டர் வந்து, இவ்வளவு பெரிய பெட்டிக்கும் டிக்கட் எடுக்க வேண்டும் என்று நின்றார். உள்ளே ஒன்றும் இல்லை, திரும்பி வரும்போதுதான் காற்றுப் பிடித்துக்கொண்டு வருவேன் என்று நான் உள்ளதைச் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "காத்தா? அப்ப டிக்கட் வேணாம். வாறப்ப நல்லா மூடிக்கிட்டு வாங்க தங்கச்சி, எங்க பின் டயருக்குக் கொஞ்சம் தேவப்படும்."

ஏழு பேர்ச்

அன்றைக்கு நான் காற்றுப் பிடிக்கப் போனது ஊத்துப்பள்ளத்தில். எங்கள் தோட்டத்தில் இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே கிடக்கிற சேற்று நிலம் அது. நாலு பக்கத்திலிருந்தும் ஊற்று வந்து சேர்வதால் அந்தப் பெயர். தேயிலை அங்கே வாழாது. கோரையும் பன்னமும்தான் வளரும். விழுந்த இலை, தண்டு, வேர் எல்லாம் காலங்காலமாகத் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, மட்காமல், உக்காமல், கறுப்பாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். காலையில் மலையெல்லாம் வெளிச்சமான பிறகும் இந்தப் பள்ளம் மட்டும் பனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அதன் நடுவே போன வருஷம் ஒரு பெரிய கான் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். லயத்து வரிசை அறைகளில் இருக்கிற ஆட்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுப்பதற்காக. முளைக்கம்பு அடித்துப் பிரித்ததில் அக்காவுக்கும் ஒரு துண்டு கிடைத்திருந்தது.

அக்கா என் கையைப் பிடித்து அவளுடைய வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வீடு இன்னும் இல்லை. பனியும் கோரைக் கட்டையும்தான். "தலைய குனியாத, கதவ ஒயரமாத்தான் வைக்கப் போறோம்" என்றாள். இது முன் ரூம், இது சின்னவளுக்குப் படிக்க, இந்த யன்னலால் பார்த்தால் மலை முழுக்கத் தெரியும் என்று காட்டினாள். நான் பனிக்குள் நின்று அந்த யன்னலால் பார்த்தேன், மலை தெரிந்தது. லயத்தில் ஒரே அறையான காம்பராவை நடுவில் சேலை கட்டிப் பிரித்து, அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பமும் இந்தப் பக்கம் தானுமாக இத்தனை காலம் வாழ்ந்தவள் அவள். அந்த இல்லாத வீட்டில் அவள் நடந்த நடையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை என்று ஒன்று இருக்கிறதே. அக்காவின் சமையலறையில் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். கையோடு கொண்டு போகும் மீட்டரில் முள் சடசடவென்று ஏறியது. தண்ணீர் வடிந்த கறுப்பு மண்ணுக்குள் காற்றுப் புகுந்து, உக்காமல் கிடந்ததெல்லாம் உக்கத் தொடங்கியிருந்தது. கரிவாயு புகை மாதிரிக் கிளம்பிக்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாத புகை. இந்த மண் ரொம்ப மூச்சு விடுகிறது அக்கா, இது நல்லதுக்கில்லை என்றேன். அக்கா முளைக்கம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "விடட்டும்டி. லயத்துல நாங்க மூச்சு விடாம இருந்ததுக்கெல்லாம் சேத்து விடட்டும்."

ஹாஜியாரின் நியாயம்

வாகனம் கராஜிலிருந்து எழுந்து வந்ததும் நசீர் நானா என்னைக் கெலிஓயாப் பக்கம் ஒரு வயலுக்குக் கூட்டிப் போனார். நசீர் நானா எங்கள் டிரைவர். உலகத்தில் உள்ள எல்லா ஹாஜியார்மாருக்கும் அவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். இந்த வயல்கார ஹாஜியாருக்கு டவுனில் கடை இருக்கிறது, மனசு வயலில் இருக்கிறது. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து வரம்பில் நிற்பார். நிறைந்து நிற்கிற தண்ணீரில் வானம் விழுந்து கிடப்பதைப் பார்க்காவிட்டால் அவருக்கு அன்றைக்குக் கடை திறக்க மனம் வராதாம்.

அந்தத் தண்ணீரைத்தான் இடையிடையே வடித்து வயலைக் காயவிடச் சொல்லி நாங்கள் போயிருந்தோம். எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. அப்போது மீதேன் என்ற வாயு உண்டாகிக் குமிழ் குமிழாக வரும். கொஞ்ச நாள் காயவிட்டு மறுபடி நனைத்தால் நெல்லுக்குக் கேடில்லை, வாயு குறையும். ஹாஜியார் குனிந்து குமிழ்களைப் பார்த்தார். மீன் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தேன் என்றார். ஒரு மூலையைத் தருகிறேன், செய்து பாருங்கள் என்று பெரிய மனசோடு ஒத்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அக்காவின் காணி நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததால், வடிக்கக்கூடாத இடத்தை எங்கள் தோட்டத்தில் வடித்துவிட்டார்கள் ஹாஜியார் என்று புலம்பிவிட்டேன். இங்கே சில நாள் காய்ந்தால் மண் அப்படியே இருக்கும், அங்கே ஒரேயடியாகக் காய்ந்தால் மண்ணே கரைந்துவிடும் என்று விளங்கப்படுத்தவும் முயன்றேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "வயல்ல தண்ணிய வடிங்க எண்டுறீங்க. பள்ளத்துல வடிக்க வாணாம் எண்டுறீங்க. மகள், ரெண்டுல எது சரியெண்டு ஒங்கட மண்ணுக்கிட்டக் கேட்டு ஒரே பேச்சா வாங்க."

கண்ணை மூடுகிற வேலை

வடிக்காத நிலத்தையும் அளந்தால்தானே வடித்த நிலத்தோடு ஒத்துப் பார்க்கலாம்? அதற்காக மடுல்கெல்லைக்குப் போவோம். அங்கே ஒரு தோட்டத்தின் அடிவாரத்தில் யாரும் கை வைக்காத ஒரு சதுப்பு இருக்கிறது. பலகை போட்டு நடுவே போய், பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கால் மாற்றினாலும் சேறு குலுங்கி, அடைபட்ட குமிழெல்லாம் மேலே வந்து அளவு பொய்யாகிவிடும். இருமக்கூடாது. அட்டை ஏறினால் அதுவும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொள்வேன். கீழே ஈர மண் தூங்குகிற மாதிரி மெல்ல மூச்சு விடும். தவளை ஒன்று கேள்வி கேட்கும், நெடுநேரம் கழித்து இன்னொன்று பதில் சொல்லும். நானும் அந்த மண்ணும் ஒரே பாயில் படுத்திருப்பது போலத் தோன்றும்.

ஒருநாள் கண்ணைத் திறந்தபோது கரையில் கொழுந்துக் கூடையோடு பெண்கள் கூட்டமாக நின்றார்கள். வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாரோ புதுச் சாமி பிரதிஷ்டை பண்ணுகிறார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். நசீர் நானா வாகனத்துக்குள்ளிருந்து குறட்டை விட்டது அவர்களுக்கு மந்திரம் மாதிரிக் கேட்டதாம். நான் எழுந்து வந்து, சாமி இல்லை, இதுதான் என் வேலை என்று சொன்னேன். அவர்களில் மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒக்காந்து கண்ண மூடுறதுக்குச் சம்பளமா? நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல எங்களையும் இந்த வேலைக்குப் போடச் சொல்லும்மா."

வளர்ந்த கால்

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்காணி கிடைத்தால் முதலில் கன்னிமூலையில் ஒரு மரக்கம்பைக் காலாக ஊன்றுவார்கள். உச்சியில் மஞ்சள் துணி கட்டி, மண்மட்டத்தில் சுற்றிவர மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள். அக்கா வீட்டுக்குத் தை மாசம் ஊன்றியபோது நானும் இருந்தேன். மற்றவர்கள் குட்டைக் கம்பை நட்டார்கள். அக்கா பிடிவாதக்காரி. சேறு ஆழம் என்று நீளமான யூகலிப்டஸ் கம்பை எடுத்து, அடியில் பாறையில் 'ணங்' என்று முட்டும்வரை இறக்கச் சொன்னாள். வீடு கட்டப்போகிற கொத்தனார் பாஸ் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபைப் பிடித்து, மலையோரத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியின் கல்படிக்குச் சரிமட்டமாகக் காலின் தலையை வெட்டினார். எந்த வெள்ளமும் பீலிப்படியைத் தொட்டதில்லை, வீட்டுத் தரை இந்த உயரத்துக்கு வந்தால் போதும் என்றார். அன்றைக்கு அது என் முழங்காலுக்கு வந்தது.

ஆவணியில் நான் போனபோது கால் என் தொடைக்கு வந்திருந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். மண்மட்டத்தில் பூசிய மஞ்சள் இப்போது ஒரு சாணுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. சுற்றிவரப் பூ, எலுமிச்சம்பழம், கற்பூரம் எரித்த கறுப்பு. அக்கம்பக்கத்துக் குட்டைக் கம்புகள் எல்லாம் குடித்தவன் மாதிரிச் சாய்ந்து கிடக்க, அக்காவின் கால் மட்டும் பனிக்குள் நிமிர்ந்து நின்றது. கால் வளர்கிறது என்று தோட்டமே பேசியது. காணி கிடைக்காதவர்கள் வந்து நூல் கட்டினார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் தேங்காய் உடைத்தார். எல்லோரும் கும்பிட்டபோது நானும் கும்பிட்டேன். ஆனால் மரக்கம்பு வளராது என்று எனக்குத் தெரியும். அது ஏன் உயர்ந்தது என்றும் தெரியும். பொங்கல் பானை மாதிரிப் பூரித்துப்போன முகத்தோடு அக்கா என் காதில் சொன்னாள்: "வீடு தானாவே எழும்புது யோகா. அத்திவாரத்த ஐப்பசியில போட்டுறலாம்னு பாஸ் சொல்லிட்டாரு."

மேடத்தின் தமிழ்

கண்டிக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். மேடம்தான் எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவி. சிங்களவர். என்னிடமும் நசீர் நானாவிடமும் கேட்டுக் கேட்டே தமிழ் பழகியவர் என்பதால் அவருடைய தமிழில் பாதி என் தோட்டம், பாதி நசீர் நானாவின் அக்குறணை. நான் கொண்டுவந்த குப்பிகளின் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினார். ஊத்துப்பள்ளத்துக் கோடு மலை ஏறியது. மடுல்கெல்லைக் கோடு தூங்கியது. யன்னலுக்கு வெளியே கண்டி மழை பெய்துகொண்டிருந்தது.

காற்றாகப் போகிறது அத்தனையும் அங்கே கிடந்த மண்தான், மண் போகப்போக நிலம் இறங்கும், கான் இருக்கும்வரை நிற்காது, அதன் மேல் எந்த வீடு கட்டினாலும் வெடிக்கும் என்றார் மேடம். நீங்களே வந்து தோட்டத்தில் சொல்லிவிடுங்கள் மேடம் என்று நான் கெஞ்சினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. காணி என்று ஒன்று எங்கள் சனத்துக்குக் கிடைப்பதே அபூர்வம். அதைக் கெடுக்க வந்தவள் என்ற பெயரை நான் ஏன் வாங்க வேண்டும்? மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எழுதினா ஒலகம் வாசிக்கும் யோகா. ஆனா அக்கா வாசிக்காதுதானே? அக்காவுக்கு நீதான் செல்லணும்."

தண்ணீர் டியூப்

அத்திவாரம் வெட்டுகிற நாள் விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். பனிக்குள் கல் குவித்திருந்தார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் பாயசம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா புதுச் சேலை கட்டியிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பாஸிடம் போய் மறுபடி ஒருமுறை டியூபைப் பிடித்துப் பாருங்கள் என்றேன். "அதான் அன்னைக்கே புடிச்சனேம்மா, கால் வேற வளந்துட்டுது, இப்ப எதுக்கு?" என்று அவர் முணுமுணுத்தார். அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்: கால் வளர்ந்திருந்தால் அதன் தலை இப்போது பீலிப்படிக்கு மேலே நிற்க வேண்டும், அல்லவா?

பாஸ் டியூபின் ஒரு முனையைக் காலின் தலையில் வைத்தார். மறுமுனையை நான் பீலிப்படிக்குக் கொண்டு போனேன். கண்ணாடி மாதிரி டியூபுக்குள் தண்ணீர் மேலும் கீழும் ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆடி ஆடி அடங்கி, தண்ணீர் படியின் விளிம்பில் வந்து நின்றது. அங்கே பாஸ் பக்கத்திலும் காலின் தலையில் சரியாக நின்றது. தை மாசத்தில் நின்ற அதே மட்டம். மயிரிழைகூட மாறவில்லை.

அப்புறம் நான் அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எலுமிச்சங்காய் உப்புத் தண்ணிக்குள் முங்கிக் கிடக்கிறவரை கெடாது, தண்ணியைக் கொட்டிவிட்டுப் போத்தலைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பூத்துப்போகும் என்றாள். இந்த மண்ணும் அப்படித்தான் அக்கா, தண்ணிக்குள் பத்திரமாக இருந்தது, வடித்துவிட்டோம், இப்போது காற்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். பாறையில் நிற்கிற கால் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றும் சொன்னேன். அக்கா தன் காலடியைப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த மற்றக் கம்புகளைப் பார்த்தாள். காலில் அந்தரத்தில் நின்ற மஞ்சளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப இது ஏறல. நாங்கதான் எறங்கிக்கிட்டு இருக்கோம்."

கையில் இருப்பது

அன்றைக்கு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. ஒன் பெட்டிதான் எங்க காணிய முழுங்கிருச்சு என்று ஒருவர் சொன்னார். படிச்சிட்டு டவுனுக்குப் போனவளுக்கு லயத்துக் கஷ்டம் எங்க தெரியும் என்று இன்னொருவர் சொன்னார். அது சுட்டது. நான் பீலிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஊத்துப்பள்ளம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பனிக்குள் கிடந்தது. அழுது முடித்து நிமிர்ந்தபோது அக்காவும் அவள் புருஷனும் ஆள் சேர்த்துக் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்புச் சேறு சொட்டச் சொட்ட அந்தக் கம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கா நேரே தோட்டத்து ஆபிசுக்கு நடந்தாள். பின்னால் ஒவ்வொருவராகப் பெண்கள் சேர்ந்தார்கள். சாமியை ஊர்வலம் கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆபிஸ் வாசலில் கம்பை நிறுத்தி, மண் இருந்த மட்டத்தையும் இப்போது இருக்கிற மட்டத்தையும் தொரைக்குக் காட்டினாள். யாரும் கொழுந்து பறிக்காமல் காடாகிப்போன மேல் மலையில் எங்களுக்குக் காணி தாங்க என்றாள். தொரை கம்பைப் பார்த்தார், வாசலில் சொட்டின சேற்றைப் பார்த்தார், "பாக்கலாம்" என்றார்.

'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அன்று பின்னேரமே அக்கா உரப்பைகளில் களிமண்ணை நிரப்பிக் கொண்டுபோய் ஊத்துப்பள்ளத்துக் கானின் வாயில் அடுக்கத் தொடங்கினாள். எனக்கே திக்கென்றது. மேல் மலை கிடைக்காவிட்டால் அவளுக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. மறுபடி அந்தச் சேலைத் திரைதான். தலைவர் ஓடி வந்து, கையில இருக்கத விட்டுட்டுப் பறக்கிறத புடிக்கப் போறியா புஷ்பா என்று கத்தினார். அக்கா அடுத்த பையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "கையில இருக்கதே பறந்துகிட்டுத்தான இருக்கு தலைவரே. ஒரு கை புடிங்க."

மேல் மலை

தலைவர் ஒரு கை பிடித்தார். அதற்குப் பிறகு ஆபிஸ் வாசலில் எத்தனை தடவை போய் நின்றார்கள், யார் யார் கடிதம் எழுதினார்கள் என்பதெல்லாம் நீண்ட கதை. மேடம் எழுதியதை உலகம் வாசித்ததோ என்னவோ, தோட்டத்துக் கம்பனியில் யாரோ வாசித்திருக்க வேண்டும். ஒரு நாள் சேர்வேயர் வந்து மேல் மலையில் முளைக்கம்பு அடித்தார். ஊத்துப்பள்ளத்தில் தண்ணீர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நான் பெட்டியைக் கவிழ்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கரிவாயு நன்றாக இறங்கியிருந்தது. ஈரம் வந்ததால் மீதேன் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எந்த மண்ணும் முழுப் புண்ணியவானாக இருக்காது என்று ஹாஜியாரிடம் சொல்ல வேண்டும். போன மண் இனித் திரும்பி வராது. மீதி இருப்பதாவது தூங்கட்டும். எங்கிருந்தோ ஒரு தவளை கேள்வி கேட்டது. நான் பதில் வரும்வரை காத்திருந்தேன்.

மேல் மலையில் அக்கா அதே யூகலிப்டஸ் கம்பை ஊன்றியிருக்கிறாள். இங்கே கெட்டி மண், தோண்டவே கை வலித்ததாம். முழங்கால் உயரத்துக்கு வெட்டி மஞ்சள் துணியும் கட்டியாயிற்று. வீடு இன்னும் எழும்பவில்லை. மறுபடியும் என் கையைப் பிடித்து இல்லாத கதவுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனாள். நானும் மறுபடியும் தலையைக் குனிந்துவிட்டு ஏச்சு வாங்கினேன். யன்னலால் பார்த்தால் இந்தத் தடவை கீழே பள்ளம் தெரிந்தது, பனியைப் போர்த்திக்கொண்டு. அக்கா காலின் அடியில் குனிந்து, மஞ்சள் பூசிய இடம் மண்ணோடு ஒட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். தினமும் கொழுந்துக்குப் போகுமுன் இதைச் செய்கிறாளாம். பிறகு கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்: "சாமி, இந்தக் கால் ஒரு விரக்கட கூட வளரக் கூடாது."

ஆகவே, தேநீர் ஆறிப்போன அன்பர்களே, இனி யாராவது என் வேலை என்னவென்று கேட்டால், வளராத ஒரு மரக்கம்பின் பக்கத்தில் நின்று சந்தோஷப்படுகிற வேலை என்று சொல்லிவிட்டு நானும் சூடாகக் குடிக்கப் போகிறேன்.